ஃபைப்ராய்டு என்று எடுத்த கட்டி: ஸ்ட்ரோமா புற்றை எங்கே கண்டுபிடிக்கிறார்கள்?

கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால் பெரும்பாலும் அது ஃபைப்ராய்டுதான். நார்த்திசுக் கட்டி என்றும் சொல்வார்கள். 50 வயதைத் தொடும்போது பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சின்னதாக ஒன்றாவது இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாமல் போய்விடும். உதிரப்போக்கு அதிகமாகி, ரத்தசோகை வந்து, அடிவயிறு கனத்து அவதிப்படுகிறவர்கள்தான் டாக்டரிடம் போகிறார்கள். அவர்களிலும் ஏறக்குறைய எல்லோருக்கும் அது புற்றுநோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழே வருவதைப் படித்துவிட்டு ஃபைப்ராய்டு உள்ள யாரும் தூக்கம் தொலைக்க வேண்டாம்.

சொல்ல வந்தது வெகு சிலரைப் பற்றி. நாற்பது, நாற்பத்தைந்து வயதில் ஃபைப்ராய்டு என்று ஆபரேஷன் நடக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. சில நாள் கழித்து வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘லோ கிரேடு எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சர்கோமா’ என்று இருக்கிறது. வீட்டில் யாரும் கேள்விப்படாத பெயர். சர்கோமா என்றால் தசை, தாங்கு திசு போன்றவற்றில் தொடங்கும் புற்று; லோ கிரேடு என்றால் மெதுவாக வளரும் வகை. ஆபரேஷன் செய்த டாக்டரும் தன் அனுபவத்தில் ஒன்றிரண்டு பேரிடம்தான் பார்த்திருப்பார். கர்ப்பப்பையில் வரும் புற்றுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் இது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது.

இந்த நோயை உறுதி செய்வது பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பிறகுதான் நடக்கிறது. அதுவும் நோயாளி நேரில் பார்க்கவே போகாத, திசுவைச் சோதித்து நோயைச் சொல்லும் பத்தாலஜிஸ்ட் ஒருவரின் மேஜையில். அந்த மேஜைக்குக் கட்டி எந்த நிலையில் போய்ச் சேர்கிறது என்பதை வைத்து, அப்புறம் நடக்கும் எல்லாமே மாறும். இதற்கு நம் ஊரில் கொடுக்கிற கவனம் போதாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓரத்தில்தான் விடை

கர்ப்பப்பையின் உள்சவ்வில் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நின்று தாங்கும் திசுவுக்குத்தான் ஸ்ட்ரோமா என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது இரண்டும் சேர்ந்து தடிக்கும், மாதவிடாயில் உதிரும், மறுபடி வளரும். கர்ப்பப்பைப் புற்று என்று பொதுவாகப் பேசுவது சுரப்பிகளில் தொடங்கும் புற்றைத்தான். ஸ்ட்ரோமாவில் தொடங்குவது அபூர்வம்.

லோ கிரேடு வகையின் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில் இருக்கும் சாதாரண ஸ்ட்ரோமா செல்களைப் போலவே இருக்கும். புற்றுக்குரிய கோரமான மாற்றம் எதுவும் கண்ணில் படாது. அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தாலும் பல நேரம் துப்பு கிடைப்பதில்லை. கட்டி தசைக்குள் இருந்தால் அந்தத் துணுக்கில் அது வரவே வராது. வந்தாலும் இயல்பான சவ்வு போலத் தெரியும்.

அப்படியென்றால் எதை வைத்துப் புற்று என்கிறார்கள்? ஓரத்தை வைத்து. இதே செல்களால் ஆன, எந்தத் தீங்கும் செய்யாத இன்னொரு கட்டி உண்டு. அதன் பெயர் எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் நாடியூல். அதன் எல்லை தெளிவாக இருக்கும். எல்லையைத் தாண்டி விரல்போல நீளும் பகுதிகள் மூன்றுக்கும் குறைவாக, ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அது நாடியூல். எடுத்துவிட்டால் கதை முடிந்தது. அந்த அளவைத் தாண்டித் தசைக்குள் நாக்கு நாக்காகப் புகுந்திருந்தாலோ, ரத்தக்குழாய்களுக்குள் நுழைந்திருந்தாலோ அது சர்கோமா. செல் ஒன்றுதான், ஓரம்தான் வேறு. ஒரு பெண் வாழ்நாள் முழுக்கப் பரிசோதனைக்குப் போக வேண்டுமா, நிம்மதியாக வீட்டுக்குப் போகலாமா என்பதை அந்தச் சில மில்லிமீட்டர்கள்தான் முடிவு செய்கின்றன.

அதனால் பத்தாலஜிஸ்ட் கட்டியின் ஓரத்தை ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வெட்டிப் பார்த்தால் போதாது. சுற்றிலும் பல இடங்களிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். செல்கள் நெருக்கமாக அடைந்த ஒருவகை ஃபைப்ராய்டும் இதே தோற்றத்தில் வரும். அதைப் பிரித்தறிய சி.டி.10, டெஸ்மின், கால்டெஸ்மான் போன்ற புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். சி.டி.10 ஸ்ட்ரோமா பக்கம் கை காட்டும், மற்ற இரண்டும் தசையின் பக்கம். சி.டி.10 மட்டும் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. சில ஃபைப்ராய்டுகளும் அதைக் காட்டும்.

மரபணுப் பரிசோதனை இப்போது பெரிய துணை. 2001-இல் 7-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 17-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உருவாகும் ஓர் இணைப்பு மரபணுவை அடையாளம் கண்டார்கள். ஜாஸ்எஃப்1, சுஸ்12 என்ற இரண்டு மரபணுக்கள் அதில் சேர்ந்திருக்கும். லோ கிரேடு வகையில் பாதிப்பேர் அளவுக்கு இது காணப்படுகிறது. 2012-இல் 10, 17 குரோமோசோம்களுக்கு இடையிலான வேறோர் இணைப்பு தெரியவந்தது. அது உள்ள கட்டிகள் வேகமாகப் பரவுகிறவை, ஹார்மோன் மாத்திரைக்கு அசையாதவை. 2014-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஹை கிரேடு என்ற தனிப்பிரிவு திரும்ப வந்ததற்கு இந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம். லோ கிரேடுக்கும் ஹை கிரேடுக்கும் சிகிச்சை ஒன்றில்லை. ஹை கிரேடு வகைக்கு டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்துகளைத்தான் நாடுகிறார்கள்.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அல்ட்ராசவுண்டில் இதையும் ஃபைப்ராய்டையும் பிரிப்பது கடினம். எம்.ஆர்.ஐ. சந்தேகத்தைக் கிளப்பும், குறிப்பாகக் கட்டி ரத்தக்குழாய்களை ஒட்டிப் புழுபோல நீண்டு தெரிந்தால். மாதவிடாய் நின்ற பிறகு ஃபைப்ராய்டு சுருங்க வேண்டும். ஹார்மோன் எதுவும் எடுக்காத ஒருவருக்கு அது வளர்கிறது என்றாலோ, நின்றுபோன உதிரம் மறுபடி வந்தாலோ, ‘ஃபைப்ராய்டுதான், பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதிலோடு விட்டுவிடக் கூடாது.

துண்டு துண்டாக வெட்டியபோது நடந்தது

ஓரம் இவ்வளவு முக்கியம் என்று தெரிந்தபின், மார்செலேட்டர் விவகாரம் ஏன் அத்தனை கொந்தளிப்பை உண்டாக்கியது என்பது எளிதில் புரியும். லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் வயிற்றில் சிறு துளைதான் போடுகிறார்கள். பெரிய கர்ப்பப்பை அதன் வழியே வராது. அதனால் சுழலும் கத்தி உள்ள மார்செலேட்டர் என்ற கருவியை உள்ளே விட்டு, கட்டியை வயிற்றுக்குள்ளேயே துருவித் துருவி வெளியே எடுப்பார்கள். தழும்பு சிறியது, வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஃபைப்ராய்டாக இருக்கும்வரை பெரிய சிக்கலில்லை. உள்ளே இருப்பது சர்கோமா என்றால், கத்தியில் தெறிக்கும் துகள்கள் வயிறு முழுக்க விதைக்கப்படும். மிஞ்சுவது ஓரமே இல்லாத துணுக்குகள் என்பதால் பத்தாலஜிஸ்ட்டும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

அமெரிக்காவில் மயக்கவியல் டாக்டரான ஏமி ரீடுக்கு 2013 அக்டோபரில் பாஸ்டனில் இப்படி ஆபரேஷன் நடந்தது. அவருக்கு இருந்தது ஸ்ட்ரோமா வகை இல்லை, தசையில் தொடங்கும் லெயோமயோசர்கோமா. ஆனால் ஃபைப்ராய்டு என்று நினைத்து எடுத்ததும், பிறகு வயிற்றுக்குள் பரவியதும் ஒரே கதைதான். அவரும், இதய அறுவை சிகிச்சை நிபுணரான அவருடைய கணவரும் இந்தக் கருவிக்கு எதிராகப் பகிரங்கமாகப் போராடினார்கள். 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்களில் 350 பேரில் ஒருவருக்குக் கண்டுபிடிக்கப்படாத சர்கோமா இருக்கலாம் என்பது அப்போது அது சொன்ன கணக்கு. பின்னால் வந்த சில மதிப்பீடுகள் இதைவிடக் குறைவு. அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. அதே ஆண்டு ஜூலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் மார்செலேட்டர்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஏமி ரீடு 2017 மே மாதம் இறந்துபோனார்.

இப்போது கட்டியை ஒரு பைக்குள் போட்டு, பைக்குள்ளேயே வெட்டி எடுக்கும் முறை வந்திருக்கிறது. லேப்ராஸ்கோப்பி நல்ல முறைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ‘கட்டியை முழுசாக எடுப்பீர்களா, வெட்டி எடுப்பீர்களா, வெட்டினால் பைக்குள்தானா’ என்று கேட்பது எந்தப் பெண்ணுக்கும் உரிமை. மாதவிடாய் நின்றவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். வயது கூடக் கூட சர்கோமாவுக்கான வாய்ப்பு கூடுகிறது.

முழுதாக எடுத்தாலும் வேலை முடிவதில்லை. நம் ஊரில் சிறிய நர்சிங் ஹோம்களில் எடுத்த உறுப்பை ஒரு டப்பாவில் போட்டு, வெளியே நிற்கும் கணவனிடமோ அண்ணனிடமோ கொடுத்து லேபில் சேர்க்கச் சொல்வது சாதாரணமாக நடக்கிறது. கலங்கிப்போய் நிற்கும் மனிதரின் கையில் அதைத் திணிப்பதே சரியில்லை. டப்பாவில் இருக்கும் ஃபார்மலின் உறுப்பின் அளவைப்போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். அந்தத் திரவம் திசுவுக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் மெல்ல ஊறும். பெரிய கர்ப்பப்பையைத் திறக்காமல் அப்படியே கொஞ்சம் ஃபார்மலினில் போட்டு வைத்தால் நடுப்பகுதி கெட்டுவிடும். கெட்ட திசுவில் சாயமும் ஏறாது, மரபணுவும் கிடைக்காது. இதைவிட மோசம், ‘வெறும் ஃபைப்ராய்டுதானே’ என்று பரிசோதனைக்கே அனுப்பாமல் விடுவது. உடம்பிலிருந்து எடுத்த கர்ப்பப்பை எதுவாக இருந்தாலும் பயாப்ஸிக்குப் போக வேண்டும்.

ஹார்மோன் செய்யும் இரண்டு வேலை

லோ கிரேடு சர்கோமாவுக்கு முதல் சிகிச்சை ஆபரேஷன்தான். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுப்பது வழக்கம். சினைப்பையை எடுப்பது ஈஸ்ட்ரோஜன் ஊற்றை அடைப்பதற்காக. இந்தக் கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் இரண்டையும் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் பெரும்பாலும் இருக்கும். முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் சினைப்பையையும் எடுக்கத்தான் வேண்டுமா என்பது நிபுணர்கள் நடுவே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நோய் கர்ப்பப்பைக்குள் மட்டும் அடங்கியிருந்தால் சிலருக்கு விட்டுவைக்கிறார்கள், மறுபடி வரும் வாய்ப்பு கூடும் என்று எடுத்துச் சொன்ன பிறகு.

நோய் கர்ப்பப்பையைத் தாண்டியிருந்தால், அல்லது திரும்பி வந்தால், ஹார்மோன் மாத்திரைகள் கைகொடுக்கும். லெட்ரோசோல் போன்றவை உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கும். மெஜெஸ்ட்ரால் போன்ற புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்துகளும் உண்டு. நுரையீரலில் முடிச்சுகளோடு வந்தவர்களுக்கு வெறும் மாத்திரையிலேயே அவை சுருங்கி, ஆண்டுக்கணக்கில் அடங்கி இருந்ததுண்டு.

இதே ஹார்மோன்தான் ஆபத்தும். சினைப்பையை எடுத்ததும் உடம்பு திடீரெனக் கொதிக்கும், இரவில் வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. ரிப்போர்ட்டைப் பார்க்காத ஒரு டாக்டர் வழக்கம்போல ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக்கொடுத்தால், மிச்சம் மீதி இருக்கும் புற்றுக்கு அதுவே தீனியாகும். தமாக்சிஃபெனும் அப்படித்தான். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் அந்த மருந்து, கர்ப்பப்பைத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். இந்த நோய் வந்த ஒருவருக்குப் பின்னாளில் மார்பகப் புற்று வந்தால், பழைய ரிப்போர்ட்டைப் புது டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். உடல் கொதிப்புக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. வென்லஃபாக்ஸின், கபாபென்டின் இரண்டும் பலருக்கு உதவுகின்றன. எலும்பு தேய்வதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், லெட்ரோசோல் எடுப்பவர்கள் இன்னும் கூடுதலாக.

முதல் கட்டத்தில் எடுத்துவிட்டவர்களில் ஐந்து ஆண்டு கடந்து வாழ்கிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல். அதைக் கேட்டு நிம்மதி வருவது இயல்பு. ஆனால் ஐந்து ஆண்டுக் கணக்கு இந்த நோய்க்குச் சரியான அளவுகோல் இல்லை. முதல் கட்டத்தில் பிடித்தவர்களிலும் மூன்றில் ஒருவர் அளவுக்கு நோய் திரும்புகிறது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, எல்லோரும் மறந்த பிறகு, இடுப்புக்குள்ளோ நுரையீரலிலோ தலைகாட்டும். வேறு காரணத்துக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் உருண்டை உருண்டையாகத் தெரியும். அப்போது என்றைக்கோ ஃபைப்ராய்டு என்று எடுத்த கர்ப்பப்பையின் பழைய பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்து வைத்த திசுவை, தேடி எடுத்துப் பார்க்கிறார்கள். அன்றைக்கே அது சர்கோமாதான் என்று தெரியவந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

அக்கம்பக்கத்தில் இருப்பவை

இடுப்புக்குள் இப்படி ஆள் மாறாட்டம் செய்யும் திசுக்கட்டிகள் இன்னும் சில உண்டு. பிறப்புறுப்பின் பக்கத்தில் மெத்தென்று ஒரு வீக்கம் வந்தால் பார்த்தோலின் சுரப்பிக் கட்டி, குடலிறக்கம், சீழ்க்கட்டி என்று நினைப்பார்கள். அதில் வெகு சில அக்ரெசிவ் ஆஞ்சியோமிக்சோமா. 1983-இல் ஸ்டீப்பர், ரோசாய் என்ற இருவர் ஒன்பது பெண்களிடம் பார்த்து முதன்முதலாக இதைத் தனி நோயாக எழுதினார்கள். வெளியே தெரிவது கொஞ்சம்தான், இடுப்புக்குள் வெகுதூரம் போயிருக்கும். கோரைப் புல்லை மேலே பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்குவதுபோல, வெளி வீக்கத்தை மட்டும் எடுத்தால் அதே இடத்தில் மறுபடி வரும். எம்.ஆர்.ஐ.யில் சுழிசுழியாக அடுக்கடுக்காகத் தெரிவது இதன் அடையாளம். பெயரில்தான் அச்சம். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. அதனால் கொஞ்சம்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்று மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் பலி கொடுக்கும் ஆபரேஷன் தேவையில்லை என்ற பக்கமே இப்போதைய கருத்து சாய்கிறது. இதுவும் ஹார்மோனுக்குக் கட்டுப்படும் கட்டி. சினைப்பையை மருந்தால் அடக்கும் ஊசி போட்டுச் சுருக்கிய அனுபவங்கள் பதிவாகியிருக்கின்றன.

சினைப்பையில் வரும் கிரானுலோசா செல் கட்டி தானே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அதனால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உதிரப்போக்காக அது தலைகாட்டலாம். 2009-இல் கனடா ஆய்வாளர்கள், பெரியவர்களுக்கு வரும் இந்தக் கட்டியில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். இதுவும் பல ஆண்டு கழித்துத் திரும்பும் ரகம். இதைக் கண்காணிக்க, சினைப்பைப் புற்றுக்கு வழக்கமாகப் பார்க்கும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனையை விட இன்ஹிபின் பி என்ற ரத்தப் பரிசோதனைதான் பயன்படும்.

இன்னொன்று குடலில் தொடங்கும் ஜிஸ்ட். குடலின் ஸ்ட்ரோமாக் கட்டி அது. சிறுகுடலிலிருந்தோ மலக்குடலிலிருந்தோ இடுப்புக்குள் தொங்கி, சினைப்பைக் கட்டி என்று ஸ்கேனில் பெயர் வாங்கிவிடும். இதில் மட்டும் பெயர் சரியாகத் தெரிந்துவிட்டால் நல்ல மருந்து தயாராக இருக்கிறது. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் காரணம் கிட் மரபணுவின் பிறழ்வு என்று கண்டுபிடித்தார்கள். 2000-இல் பின்லாந்தில் ஒரு பெண்ணுக்கு கிட்டின் வேலையைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரையை முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டிகள் சுருங்கின. 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கான நோவார்ட்டிஸின் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்தது. அதனால் இங்கே குறைந்த விலையில் அது தொடர்ந்து கிடைக்கிறது. சி.டி.117, டாக்1 என்ற இரண்டு சாயச் சோதனைகளைப் பத்தாலஜிஸ்ட் நினைத்துச் செய்தால்தான் அந்த மாத்திரை நோயாளியின் கைக்கு வரும்.

பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

பயாப்ஸிக்குப் போன திசுவை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டிகளாக வைத்திருப்பார்கள். அதுதான் பாரஃபின் பிளாக். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினால் ஸ்லைடு. பிளாக் பல ஆண்டு கெடாது. அதிலிருந்து எத்தனை சாயச் சோதனையும், மரபணுச் சோதனையும் செய்துகொள்ளலாம்.

ரிப்போர்ட்டில் ஸ்ட்ரோமா, சர்கோமா என்ற சொல் எது வந்தாலும், அடுத்த சிகிச்சையைத் தொடங்கும் முன் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, இந்த வகைக் கட்டிகளை அதிகம் பார்க்கும் இடத்தில் இரண்டாவது கருத்து கேட்க வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் வெளியிலிருந்து வரும் ஸ்லைடுகளை மறுபடி பார்ப்பது அன்றாட வேலை. முதல் லேபைச் சந்தேகப்படுவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அப்படி எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. முதல் ஆபரேஷனில் சினைப்பையை விட்டுவைத்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டுமா, மாத்திரை தேவையா, சும்மா கண்காணித்தால் போதுமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் அந்த மறுபார்வைக்குப் பிறகுதான் சொல்ல முடியும். சில வாரங்கள் ஆகும். லோ கிரேடு வகைக்கு அந்தக் காத்திருப்பால் பாதகம் வராது.

ஃபைப்ராய்டுக்காக முன்பே கர்ப்பப்பையை எடுத்தவர்கள், பயாப்ஸி ரிப்போர்ட்டை இதுவரை பார்க்கவில்லை என்றால், ஆஸ்பத்திரியில் கேட்டு ஒரு நகல் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் அதில் ‘லெயோமயோமா’ என்றுதான் இருக்கும், ஃபைப்ராய்டின் மருத்துவப் பெயர் அதுதான். அதை டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பெயர் ஏதாவது இருந்தால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், அதோடு ஒரு புற்றுநோய் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.